நாலாவது கிளாஸ் இனித்தது

பீர் குடிக்காத ஒருத்தி பீர் வழக்கைத் துப்பறிய வந்திருக்கிறாள் என்பதில் மன்றத்துச் செயலாளர் பெரியகருப்பனுக்கு நம்பிக்கை இல்லை. அதை அவர் வாயால் சொல்லவில்லை. நாற்காலியைக் காலால் தள்ளிவிட்ட விதத்தில் தெரிந்தது.

அறிவுச்செல்வி உட்கார்ந்தாள். அவளுடைய உதவியாளன் பழனிக்குமார் உட்காரவில்லை. அவன் கண் சுவரோரம் நின்ற வெளிநாட்டு பாட்டில்களின் மேல் இருந்தது.

"நீங்க ஆளுகளை விசாரிங்கக்கா. நான் பாட்டிலுகளை விசாரிக்கிறேன்."

திண்டுக்கல் பைபாஸ் ஓரத்தில் இருக்கிற மனமகிழ் மன்றம் அது. மாதம் ஒருநாள் அங்கே ருசி பார்க்கும் கூட்டம் நடக்கும். நாலு நாட்டு பீரைப் பேப்பர் சுற்றி மறைத்து, மேனேஜர் ராயப்பராஜ் ஒவ்வொன்றாக ஊற்றுவார். கமிட்டி ஆட்கள் ஐந்து பேர் குடித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். எது தேறுகிறதோ அதை மன்றத்துக்கு வாங்குவார்கள். ருசி பார்க்கிறவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி. ஊற்றுகிறவருக்கு நிற்க இடம்.

நேற்று நடந்த கூட்டத்தில்தான் வினை. ராயப்பராஜ் திருடன் என்று ஐந்து பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். இன்று சாயங்காலம் கமிட்டி கூடி அவரை வேலையை விட்டு அனுப்பப் போகிறது. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். திருடன் என்று பேர் வாங்கிப் போனால், திண்டுக்கல்லில் எந்தக் கல்லாவுக்குப் பக்கத்திலும் அவரை நிற்க விடமாட்டார்கள். அதனால்தான் அவர் காலையிலேயே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பூட்டுக்கடை மாடியில் இருக்கிற அறிவுச்செல்வியின் ஆபீசுக்கு ஏறி வந்தார். இப்போது வாசல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

நேற்று யார் என்ன சொன்னார்கள் என்று அறிவுச்செல்வி கேட்டாள். பீரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, கருத்துகளைத்தான் அவள் ருசி பார்க்க வந்திருக்கிறாள் என்று பழனிக்குமார் விளக்கம் கொடுத்தான். பெரியகருப்பன் சிரிக்காமல் சொல்லிக்கொண்டு போனார்.

முதல் கிளாஸ் ஜெர்மனி. கோதுமையில் செய்தது. மூக்குக்குக் கொண்டு போனதுமே சிறுமலை வாழைப்பழ வாசம் அடித்தது என்று ஐந்து பேருக்கும் ஒத்துப்போனது. இரண்டாவது பெல்ஜியம். கொத்தமல்லி விதையும் நார்த்தங்காய்த் தோலும் போட்ட மாதிரி இருந்தது. நல்ல பீரா, நல்ல ரசமா என்று ஒருவர் சண்டைக்கே போனார். மூன்றாவது கறுப்பு பீர். காப்பிக்கொட்டையைத் தீய விட்ட ருசி. பெரியகருப்பனுக்குப் பிடித்தது, மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. நாலாவது செக் நாட்டுச் சரக்கு. கசப்புக்குப் பேர் போனது. அதற்காகவே விலை கூட.

"அது இனிச்சுச்சு. பனங்கற்கண்டைக் கரைச்சு ஊத்துன மாதிரி. அஞ்சு நாக்கும் பொய் சொல்லுமாம்மா?"

முதலில் இனிக்கிறது என்று சொன்னது யார் என்று அறிவுச்செல்வி கேட்டாள். பொருளாளர் சேவியர் என்றார் பெரியகருப்பன். சொன்ன கையோடு இதையும் சேர்த்துச் சொன்னார்: சேவியர் வேறு யாரும் இல்லை, ராயப்பராஜின் மனைவியோடு பிறந்த அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். சொந்த மச்சானே வாய் திறந்து சொல்லும்போது மற்றவர்கள் சந்தேகப்பட என்ன இருக்கிறது? போதாததற்கு ஸ்டோர் ரூமில் அந்தச் செக் நாட்டுச் சரக்கில் இரண்டு பெட்டியைக் காணோம். சாவி இருப்பது சேவியரிடமும் ராயப்பராஜிடமும். நல்ல சரக்கை வெளியே விற்றுவிட்டு, காலி பாட்டிலில் எதையோ ஊற்றி மூடி வைத்திருக்கிறான் என்பது கமிட்டியின் முடிவு.

ராயப்பராஜ் அப்போதுதான் வாயைத் திறந்தார். ஊற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சொட்டுத் தன் நாக்கில் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். நேற்றும் பார்த்தார். கசந்தது. அதை ஊற்றினார். அவர்களுக்கு இனித்தது. அவருக்கு அதற்கு மேல் புரியவில்லை.

நாலாவது பாட்டிலில் மிச்சம் ஃபிரிட்ஜில் இருந்தது. பழனிக்குமார் கடமை உணர்ச்சியோடு ஒரு வாய் குடித்தான். முகம் கோணியது.

"வேப்பங்கொழுந்தைக் கடிச்ச மாதிரி இருக்குக்கா. இதுக்குப் போயி கப்பல்ல கூலி குடுத்துக் கொண்டாந்திருக்காய்ங்க."

ராத்திரியோடு ராத்திரி ஒரிஜினலை மாற்றி வைத்திருப்பான் என்று பெரியகருப்பன் கையை வீசிவிட்டார். நிரூபிக்க வேண்டியது இனி ராயப்பராஜின் தலைவலி.

அறிவுச்செல்வி எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள்.

அங்கே சுந்தரம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மன்றத்துச் சமையல் அவள் பொறுப்பு. ருசிக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு என்று அவள் சொன்னாள். முதல் மூன்று கிளாசுக்கும் வெறும் பொரி மட்டுந்தான் வைக்கணும், இல்லாவிட்டால் நாக்கு கெட்டுப்போகுமாம். ஆனால் மூன்றாவது முடிந்ததும் ஐந்து பேரும் சைடிஷ் கேட்டு மேசையைத் தட்டுவார்கள். சட்டத்தை அதுக்கு மேல் காப்பாற்ற முடியாது. தட்டுக்கு நாலு துண்டு கோழி வறுவல், மேலே பச்சைச் சட்னி தடவி அனுப்பிவிடுவாள். அதைத் தின்றுவிட்டுத்தான் நாலாவது கிளாசைத் தொடுவார்கள். மாதாமாதம் இதுதான் நடைமுறை.

நேற்று ஒரே ஒரு தட்டு மட்டும் தொடாமல் திரும்பி வந்தது. அது சேவியர் தட்டு. தவக்காலம், ஈஸ்டர் வரைக்கும் கவுச்சி தொடமாட்டார்.

"கோழியை விட்டுட்டு பீரை விடலையாக்கும். சாமிக்குக் கணக்கு வாத்தியாரு இல்லாமப் போச்சு" என்றான் பழனிக்குமார்.

அந்தத் தொடாத தட்டு ஃபிரிட்ஜில் அப்படியே இருந்தது. காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, துப்பறியும் தொழிலில் வயிற்றுக்கு லீவு கிடையாது என்று சொல்லிக்கொண்டே பழனிக்குமார் நாலு துண்டையும் சட்னியோடு காலி செய்தான். புதினா வாசம் தூக்கலாக இருந்தது, புளிப்பு கொஞ்சம் கூட என்று தன் கருத்தையும் சொன்னான். கையைக் கழுவினான். விக்கல் எடுத்தது. சுந்தரம்மாள் கேன் தண்ணீர் மொண்டு தருவதற்குள், குழாயில் வாயை வைத்துக் குடித்துவிட்டான்.

"ஏ அப்பு, அது போர்த் தண்ணி. உப்புக் கடல். அதை மாடு கூட மோந்து பாத்துட்டுப் போயிரும்" என்றாள் சுந்தரம்மாள்.

பழனிக்குமார் குழாயைப் பார்த்தான். மறுபடி ஒரு கை பிடித்துக் குடித்தான். அவன் முகத்தில் கிண்டல் ஒன்றும் இல்லை.

"அக்கா. இனிக்குது."

திண்டுக்கல்லில் போர்த் தண்ணீர் இனித்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தத் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. அறிவுச்செல்வி ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள். பிறகு தட்டில் ஒட்டியிருந்த சட்னியை விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள். புதினாவுக்கு அடியில் துவர்ப்பு இருந்தது. பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்ற பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த துவர்ப்பு.

"நெல்லிக்காய். புதினாவோட சேத்து அரைச்சிருக்காங்க. அதைத் தின்னுட்டு எதைக் குடிச்சாலும் இனிக்கத்தான் செய்யும். பீரு நல்ல பீருதான். அவங்க நாக்குலதான் யாரோ கை வச்சிருக்காங்க."

சட்னி அரைத்தது நீயா என்று சுந்தரம்மாளைக் கேட்டாள். அவள் சோப்புக் கையைச் சேலையில் துடைத்தாள். சட்னி இங்கே அரைப்பது இல்லை. மேனேஜர் வீட்டுச் சட்னிதான் கமிட்டிக்குப் பிடிக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ராயப்பராஜ்தான் தூக்குவாளியில் கொண்டு வருவார்.

பழனிக்குமார் சமையல்கட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தான். ராயப்பராஜ் அங்கே வந்து நின்றுகொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

"என் கையாலதான் கொண்டாந்தேன்" என்றார் அவர்.

*

ராயப்பராஜின் வீடு இருக்கிற அகரத்துக்கு மூன்று பேரும் டவுன் பஸ்ஸில் போனார்கள். வழியில் பழனிக்குமார் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்து, அறிவுச்செல்வியின் பார்வையைப் பார்த்து மூடிக்கொண்டான்.

ராயப்பராஜின் மனைவி அமலோற்பவம் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் நேரங்கெட்ட நேரத்தில் இரண்டு பேரோடு வருவதைப் பார்த்ததும் அவள் கையில் இருந்த சட்டை கொடியில் ஏறவில்லை. அறிவுச்செல்விக்கு அதிகக் கேள்வி தேவைப்படவில்லை. சட்னியில் நெல்லிக்காய் போடச் சொன்னது யார் என்று மட்டும் கேட்டாள்.

அமலோற்பவம் புருஷனைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"எங்கண்ணன். உங்களை அந்த பீர் ரூம்ல இருந்து கிளப்பி ஆபீஸ் வேலைக்கு மாத்துறதுக்கு இது ஒண்ணுதான் வழின்னுச்சு. ருசி சரியில்லைன்னு ஒரு தடவை பேரு வந்தாப் போதும், மாத்திருவாங்கன்னுச்சு. திருடன்னு சொல்லுவாங்கன்னு சொல்லலை. மாதா சத்தியமாச் சொல்லலை."

"என்ட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல அமலா."

"எத்தனை தடவை சொல்றது? நாக்குல ஒரு சொட்டு வைக்கிறதுதான் வேலைன்னு சொல்லித்தான் போனீங்க. அந்தச் சொட்டு என்னைக்குக் கிளாஸாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? நம்ம புள்ள ராத்திரி கதவைச் சாத்திட்டுப் படுக்குது. அப்பா வாசம் வருதாம். நான் வைக்கிற குழம்பை மோந்து பாத்துட்டு, இது எந்த நாட்டுச் சரக்கு மாதிரின்னு சொல்றீங்க. சிரிக்கிறாப்புல சொல்றீங்க. எனக்குச் சிரிப்பு வரலை."

ராயப்பராஜ் அங்கே கிடந்த சிமெண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். அவள் சொன்னது பொய் இல்லை. ஆனால் நேற்று ஐந்து பேருக்கு நடுவில் அவர் நின்ற நிலையும் பொய் இல்லை. நேற்றுக் காலையில் இவள்தான் தூக்குவாளியைத் துணியால் துடைத்து, மூடியை அழுத்தி, சிந்தாமல் கொண்டுபோங்க என்று கையில் கொடுத்தாள். அவரும் சிந்தாமல்தான் கொண்டு போனார்.

உன் அண்ணனுக்கு மன்றத்தைத் தவிர வேறு என்ன தொழில் என்று அறிவுச்செல்வி கேட்டாள். செம்பட்டியில் ஒரு லாட்ஜ் நடத்துகிறார், கொடைக்கானல் போகிறவர்கள் தங்குவது என்றாள் அமலோற்பவம்.

பழனிக்குமார் அங்கேயே நின்று அந்த லாட்ஜுக்குப் போன் போட்டான். சென்னையில் இருந்து குடும்பம் இல்லாமல் வருகிற ஆள் மாதிரி பேசினான். நம்ம ஊர்ச் சரக்கு ஒத்துக்கொள்ளாது, கசக்கிற செக் நாட்டு பீர் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனை வைத்தான்.

"இருக்காம்க்கா. ரெண்டு பெட்டி. போன வாரம்தான் முதலாளியே கார்ல கொண்டாந்து இறக்குனாராம். கூலிங்கா வேணுமான்னு கேக்கான்."

அமலோற்பவத்துக்கு அது இறங்கச் செத்த நேரம் ஆனது. பெட்டியைத் தூக்கிய அண்ணனுக்குப் பழி போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளைத் தயார் செய்ய அவள் உரலைக் கொடுத்திருக்கிறாள். அவள் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். செருப்பைப் போட்டாள்.

"நானே வந்து கமிட்டியில சொல்றேன்."

ராயப்பராஜ் மூட்டையில் இருந்து எழுந்து முன்னால் நடந்தார்.

*

கமிட்டி கூடியிருந்தது. சேவியர் வெள்ளைச் சட்டையில், கழுத்தில் ஜெபமாலையோடு இருந்தார். தங்கச்சியைப் பார்த்ததும் எழுந்து, நீ எதுக்கும்மா இங்கே வந்தே என்று அன்பாகத்தான் கேட்டார். அவள் உட்காராமல், நின்ற இடத்தில் எல்லாவற்றையும் சொன்னாள்.

சேவியர் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார். புருஷனைக் காப்பாற்றத் தங்கச்சி பொய் சொல்கிறாள், பெண்பிள்ளை பாவம், இதற்காக அவளை யாரும் தப்பாக நினைக்கக் கூடாது என்று கமிட்டியைக் கேட்டுக்கொண்டார். நெல்லிக்காய்ச் சட்னியே இருந்திருந்தாலும், அதைக் கொண்டு வந்தது யார், ராயப்பராஜ்தானே என்றார். பெரியகருப்பன் தலையை ஆட்டினார்.

அறிவுச்செல்வி ஒரே ஒரு சந்தேகம் என்றாள். நேற்றுக் கோழி வறுவல் எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். காரம் கூட என்றார் ஒருவர். சட்னி தூக்கல் என்றார் பெரியகருப்பன். கடைசியில் சேவியரிடம் வந்தாள்.

"நான் எப்படிம்மா சொல்றது? தவக்காலத்துல நான் கவுச்சி தொடுறதில்ல. இந்த ஊருக்கே தெரியும்."

"சட்னி?"

"கோழி மேல தடவுனதைத் தொடுவேனா?"

"அப்ப உங்க நாக்குல நெல்லிக்காய் படலை. நாலாவது கிளாஸ் உங்க ஒருத்தருக்கு மட்டும் கசந்திருக்கணும் சார். ஆனா முதல்ல இனிக்குதுன்னு சொன்னது நீங்கதான். மத்தவங்களுக்கு இனிக்கப் போகுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

சேவியர் கழுத்து ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டார். பழனிக்குமார் போனை எடுத்து, செம்பட்டி லாட்ஜில் இரண்டு பெட்டி கூலிங்காக இருக்கிறது, கமிட்டிக்கு அறை போடட்டுமா என்று விசாரித்தான்.

அதற்குப் பிறகு சேவியர் கமிட்டியைப் பார்க்கவில்லை. ராயப்பராஜைத்தான் பார்த்தார்.

"தங்கச்சி அழுதுச்சு மாப்ள. அதுக்காகத்தான்."

"அது அழுததையும் வித்துட்டீங்களா மச்சான்?" என்றார் ராயப்பராஜ்.

பெரியகருப்பன் சேவியரிடம் சாவியைக் கேட்டு வாங்கினார். போலீசுக்குப் போவதா, ஊருக்குள் முடிப்பதா என்று கமிட்டி முணுமுணுத்தது. பெரியகருப்பன் எழுந்து வந்து, முதல் முறையாக ராயப்பராஜின் தோளில் கை வைத்து, தப்பு நடந்துபோச்சு, நாளைக்கே வேலைக்கு வந்துவிடு என்றார். உட்காரச் சொல்லி நாற்காலி காட்டினார். ராயப்பராஜ் தன்னிடம் இருந்த இன்னொரு சாவியை எடுத்து மேசையில் வைத்தார். திருடன் இல்லை என்று ஒருதரம் எல்லார் காதிலும் விழச் சொல்லச் சொன்னார். பெரியகருப்பன் சொன்னார். அது போதும் என்று வெளியே வந்துவிட்டார்.

நாலு பேரும் பைபாஸில் டவுன் பஸ் ஏறினார்கள். அறிவுச்செல்வியும் பழனிக்குமாரும் பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டும். புருஷனும் மனைவியும் அதே பஸ்ஸில் அகரம் வரை போக வேண்டும். ராயப்பராஜ் முன்னால் போய் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார். அமலோற்பவம் அவர் பின்னாலேயே போனவள், பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தும் உட்காராமல், எதிர்ப்பக்கம் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள்.

கண்டக்டர் வந்தார். ராயப்பராஜ் அகரத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கினார். பெண்களுக்குக் காசு இல்லை என்றாலும் இறங்குகிற இடத்தைக் கேட்டு டிக்கெட் கிழித்துக் கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து ஏறியதைக் கண்டக்டர் பார்த்திருந்தார்.

"வீட்டம்மாவும் அகரந்தானே அண்ணே?"

ராயப்பராஜ் ஜன்னலில் இருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"எனக்குத் தெரியாது. அவங்களையே கேளுங்க."

பழனிக்குமார் அறிவுச்செல்வியைப் பார்த்தான்.

கண்டக்டர் எதிர்ப்பக்கம் திரும்பினார். அமலோற்பவம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த புருஷனைப் பார்த்தாள். பிறகு அகரம் என்றாள். டிக்கெட்டை வாங்கி, கையில் வைத்துக்கொண்டாள்.